பெண்ணுக்கு மரண தண்டனை: கோர்ட் கொலையை விசாரிக்கிறதா, அவளையா?

வேம்பு_நிழல்:

இரண்டு நாளாக ஒரு தீர்ப்பு மண்டையைக் குடைகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓக்லஹோமாவைச் சேர்ந்த பிரெண்டா ஆண்ட்ரூவின் வழக்கு. 2001இல் காதலனோடு சேர்ந்து கணவரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. 2004இல் மரண தண்டனை, காதலனுக்கும் அதேதான்.

கடைசி வாதத்தில் அரசு வக்கீல் என்ன செய்தார் தெரியுமா? அவள் பெட்டியிலிருந்து எடுத்த உள்ளாடையை ஜூரிகள் முன்னால் தூக்கிக் காட்டினார். புருஷனைப் பறிகொடுத்துத் துக்கத்தில் இருப்பவள் எடுத்து வைக்கிற துணியா இது என்று கேட்டார். அதற்கு முன்னாலும் சாட்சிக் கூண்டில் ஒரு வரிசை: சாப்பிடப் போன இடத்தில் எப்படி உடுத்தியிருந்தாள், யார் யாரோடு பழக்கம், அவள் நல்ல அம்மாவா. துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதோடு இதற்கு என்ன சம்பந்தம்?

உச்ச நீதிமன்றம் அவளை நிரபராதி என்று சொல்லவில்லை. இந்த மாதிரி சங்கதிகள் விசாரணையையே கெடுத்திருந்தால் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம், அதை ஒழுங்காகப் பாருங்கள் என்று கீழே திருப்பி அனுப்பியது. அவ்வளவுதான்.

என் சந்தேகம் இது. தூக்குமேடை வரை போகும் பெண்களில் எத்தனை பேர் குற்றத்துக்காகப் போகிறார்கள், எத்தனை பேர் "இவள் என்ன பெண்" என்ற கேள்விக்காகப் போகிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.


கறார்பேர்வழி:

ஆரம்பிச்சிட்டீங்களா. கணக்கைப் பார்ப்போம் வாங்க.

உலகம் முழுக்க மரண தண்டனைக் கைதிகளில் பெண்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. அமெரிக்காவில் 1976க்கு அப்புறம் 1,600 பேருக்கு மேல தண்டனையை நிறைவேற்றியிருக்காங்க. அதில் பெண்கள் 20 பேர்கூட இல்லை. ரஷ்யச் சட்டத்துலயே பெண்ணுக்கு மரண தண்டனை கிடையாதுன்னு எழுதி வச்சிருக்கான். பெலாரஸ்லயும் அப்படித்தான். ஆம்பளைன்னா தொங்கு, பொம்பளைன்னா விடு. பாகுபாடு இருக்குன்னா அது எங்க பக்கம்தான் இருக்கு.

ஏதோ ஒரு வக்கீல் ஜட்டியைக் காட்டினான்னு ஒரு கேஸை வச்சு உலகத்தையே குறை சொல்லக்கூடாது.


தயிர்சாதம்77:

"எங்க பக்கம்" ஆ? தூக்குத் தண்டனைக் கைதியா நீங்க? நெட் யாரு கொடுத்தா?


வாய்தா_வசந்தி:

தயிர்சாதம், சும்மா இருப்பா.

கறார் சார் சொன்ன கணக்கில் தப்பில்லை. இருபது வருஷத்துக்கு மேல இலவச சட்ட உதவியில் கிரிமினல் பக்கம் ஆஜராகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெண் என்றால் இரக்கம் காட்டுவார்கள், உண்மை. ஆனால் அந்த இரக்கத்துக்கு ஒரு அளவுச் சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள். கண் கலங்கணும், தலை குனிஞ்சு நிற்கணும், புருஷன் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனவளாக இருக்கணும். சட்டை பொருந்தினால் தப்பித்தாள். பொருந்தாதவளுக்கு ஆணுக்குக் கிடைப்பதைவிட ஒரு படி கூடவே விழும். மிச்சமிருக்கிற அந்த அஞ்சு பெர்சன்ட் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் சட்டை பொருந்தாதவர்கள்தான்.

ரூத் எல்லிஸை எடுத்துக்குங்க. பிரிட்டனில் கடைசியாகத் தூக்கிலிட்ட பெண், 1955 ஜூலை 13, ஹாலோவே சிறை, வயசு 28. காதலன் டேவிட் பிளேக்லியைச் சுட்டாள். அவன் வயிற்றில் குத்திக் கரு கலைந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனால் கோர்ட்டுக்கு வந்தவள் தங்க நிறச் சாயம் ஏற்றின முடியோடு, மிடுக்காக உடுத்திக்கொண்டு, குரல் நடுங்காமல் நின்றாள். அரசு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: அருகிலிருந்து சுட்டபோது உன் நோக்கம் என்ன? "கொல்ல நினைத்தேன் என்பது தெளிவு" என்று நேராகச் சொல்லிவிட்டாள். ஜூரிக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. குத்தினது, கரு கலைஞ்சது எதுவும் எடுபடவில்லை. இரண்டே வருஷத்தில், 1957இல், "மனநிலை காரணமாகப் பொறுப்பு குறைவு" என்ற வாதத்தைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அவளுக்கு உதவவில்லை.

அழுதிருந்தால்? தெரியாது. அழாதது அவளுக்கு எதிராக நின்றது என்பது மட்டும் தெரியும்.


வேம்பு_நிழல்:

அழுகை என்றதும் மெலிசா லூசியோ ஞாபகம் வருகிறது. டெக்சாஸ், 2007. இரண்டு வயதுக் குழந்தை இறந்த அன்றைக்கே, ராத்திரி முழுக்க ஐந்து மணி நேரம் போல போலீஸ் விசாரணை. அவள் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். நான் செய்யவில்லை என்று நூறு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறாள். கடைசியில் துவண்டுபோய், நான்தான் செய்திருப்பேன் போல என்கிறாள். அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது.

இதைவிடக் கொடுமை, விசாரித்த அதிகாரி கோர்ட்டில் சொன்னது. அவள் தோளைத் தொங்கப்போட்டு, தலையைக் குனிந்து, கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாளாம். அதைப் பார்த்ததுமே குற்றவாளி என்று தெரிந்துவிட்டதாம். அங்கே நிமிர்ந்து நின்றவள் கல்நெஞ்சுக்காரி. இங்கே குனிந்தவள் குற்றவாளி. எப்படித்தான் உட்கார்வது?

2022 ஏப்ரல் 27 அன்று தண்டனை நிறைவேற்ற நாள் குறித்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் தடை. 2024இல், அந்த வழக்கை முதலில் நடத்திய அதே நீதிபதி, இவள் நிரபராதி என்று எழுதினார்.


ஏடுதூக்கி:

கறார் அவர்களே, "பொம்பளைன்னா விடு" என்பது சரித்திரத்தில் எல்லா இடத்திலும் இருந்ததில்லை. பழைய இங்கிலாந்துச் சட்டம் 1351இலேயே எழுதி வைத்தது: மனைவி கணவனைக் கொன்றால் அது வெறும் கொலை இல்லை, சிறு ராஜத்துரோகம். வேலைக்காரன் எஜமானைக் கொல்வதும் இதே வகை. கணவன் மனைவியைக் கொன்றால் சாதாரணக் கொலை, அவனுக்குத் தூக்கு. அவளுக்குத் தீ. பெண்ணை உயிரோடு கொளுத்தும் தண்டனையை 1790இல்தான் எடுத்தார்கள். அந்தக் குற்றப் பிரிவு முழுசாகப் போனது 1828இல்.

எடித் தாம்சன் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1922இல் கணவரைக் குத்தியது காதலன் பைவாட்டர்ஸ். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கடைசி வரை சொன்னான். அவள் அவனுக்கு எழுதிய காதல் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கோர்ட்டில் வாசித்தார்கள். 1923 ஜனவரி 9, ஒரே நேரத்தில், இரண்டு சிறைகளில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். கத்தியைத் தொடாதவள் கடிதத்தால் செத்தாள்.


கறார்பேர்வழி:

நூறு வருஷக் கதையெல்லாம் சரி. ஷப்னம் கேஸுக்கு வாங்க.

உத்தரப்பிரதேசம், அம்ரோஹா, 2008 ஏப்ரல். சொந்த அப்பா, அம்மா, அண்ணன் தம்பின்னு வீட்டுல ஏழு பேர். மயக்க மருந்து கொடுத்து, காதலன் சலீமோட சேர்ந்து கொன்னாங்க. அதுல ஒண்ணு பத்து மாசக் கைக்குழந்தை. படிச்ச பொண்ணு, பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் கொடுத்தவ. அவனுக்கும் தூக்கு, அவளுக்கும் தூக்கு. 2015ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு. இதுல எங்க இருக்கு உங்க அளவுச் சட்டை?


வாய்தா_வசந்தி:

நல்ல கேள்வி. நழுவப் போவதில்லை. அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்கும் பேச்சு வராது. இருவருக்கும் ஒரே தண்டனை, அதுவும் சரி.

ஆனால் 2015 தீர்ப்பை எடுத்து வாசித்துப் பாருங்கள். தண்டனையை நியாயப்படுத்தும் இடத்தில் மகள் என்பவள் யார் என்று ஒரு பத்தி வருகிறது. பெற்றோரைப் பேணுபவள், மென்மையான கை, பொறுப்பான குரல், சமுதாயம் போற்றும் விழுமியங்களின் உருவம், பெற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது அவளைத்தான். கருத்து இதுதான், தமிழ் என்னுடையது. வெட்டியவன் மகனாக இருந்திருந்தால் அந்த "மென்மையான கை" தீர்ப்புக்குள் வந்திருக்குமா? ஏழு பேரைக் கொன்றது போதாதா, மகளாக இருக்கத் தவறியதையும் தராசில் ஏற்ற வேண்டுமா?

1980 பச்சன் சிங் தீர்ப்பிலிருந்தே, குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார் என்றுதான் இங்கே சட்டம். தண்டனையைக் குறைக்கக்கூடிய சூழ்நிலைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2022இல் மனோஜ் வழக்கில், மனநல அறிக்கை, சிறை நடத்தை அறிக்கை எல்லாம் விசாரணைக் கட்டத்திலேயே வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் வழிமுறை சொன்னது. அதுவரை? தீர்ப்பு சொன்ன நாளிலேயே தண்டனை வாதமும் முடிந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவள் ஏழை, பெண், வயதான தாய் இருக்கிறாள், கருணை காட்டுங்கள். நாலு வரி. நானே அப்படிப் பேசியிருக்கிறேன். என் கட்சிக்காரி ஒருத்தியின் முதுகில் தீக்காயத் தழும்பு இருந்ததை அப்பீல் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். கேட்கவே இல்லை நான். கேட்டாலும் ஆண் போலீஸ் பக்கத்தில் நிற்க, எங்கே சொல்லியிருப்பாள்.


முன்னாள்_வார்டர்:

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், இப்பதான் எழுதுறேன். பெண்கள் சிறையில வார்டரா இருந்து ரிட்டயர் ஆனவ.

கோர்ட்ல நடக்கறது எனக்குத் தெரியாது. உள்ள நடக்கறதைச் சொல்றேன். ஆண்கள் பக்கம் தூக்குத் தண்டனைக் கைதிங்க அஞ்சாறு பேர் பக்கத்து பக்கத்து செல்லுல இருப்பாங்க. சுவத்தைத் தட்டிப் பேசிக்குவாங்க. எங்ககிட்ட ஒரே ஒருத்தி. அவளுக்குன்னு தனி பிளாக் எங்க இருக்கு? மூலையில ஒரு செல்லை ஒதுக்கிட்டோம். மத்த பொம்பளைங்களோட சேர விடக்கூடாது. சமையல் வேலை, தையல் வேலை எதுக்கும் அனுப்பக்கூடாது. சட்டம் தனிமைச் சிறைன்னு சொல்லலை, ஆனா ஒரே ஆள் இருந்தா அது வேற என்ன?

தற்கொலை பண்ணிக்குவான்னு பயம். அதனால பாவாடை நாடாவை உருவிக்கிட்டோம். ரூல் அப்படி. அவ மூணு மாசம் இடுப்புல பாவாடையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டே நடந்தா. தண்ணி குடிக்க, சோறு வாங்க, எல்லாத்துக்கும் ஒத்தைக் கைதான். அப்புறம் நான்தான் ஒரு நாள் ஓரத்தைச் சுருக்கி ஊக்கு இல்லாம தச்சுக் கொடுத்தேன். மேலதிகாரி பார்த்துட்டுத் திட்டினாங்க, ஆனா கழட்டச் சொல்லலை.

இன்னொண்ணு. ஆம்பளைக் கைதியைப் பார்க்க அம்மா வருவா, பொண்டாட்டி வருவா, மனு போட்டுட்டு வெயில்ல நிப்பாங்க. புருஷனைக் கொன்னவளை யாரு பார்க்க வருவா? புருஷன் வீடு வராது. பொறந்த வீடும் வராது. அவ பேரைக் கூப்பிட்டு மனுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை.


வேம்பு_நிழல்:

அம்மா, இதை எழுதினதுக்கு நன்றி. அந்தப் பாவாடை விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.


தயிர்சாதம்77:

நானும். மேல போட்ட ஜோக்குக்கு மன்னிச்சுக்குங்க எல்லாரும்.


கடல்தாண்டி:

ஒரு கோணம் விட்டுப்போச்சு. கொலையே பண்ணாதவங்க. பெண்களுக்கு மரண தண்டனை கிடைக்கிறதுல கொலைக்கு அடுத்தது போதைப்பொருள்தான்.

மேரி ஜேன் வெலோசோ, பிலிப்பைன்ஸ்காரப் பெண். வேலை வாங்கித் தரேன்னு சொல்லி ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பினாங்க. 2010ல இந்தோனேஷியா, யோக்யகார்த்தா ஏர்போர்ட்ல அந்தப் பெட்டிக்குள்ள 2.6 கிலோ ஹெராயின். அவ சொன்னது இதுதான். அதே வருஷம் தண்டனை. 2015 ஏப்ரல்ல சுடுறதுக்குக் கொண்டுபோய் வச்சிட்டு, கடைசி நிமிஷத்துல நிறுத்தினாங்க. 2024 டிசம்பர்ல சொந்த நாட்டுக்கு அனுப்பினாங்க. பதினாலு வருஷம்.

சிங்கப்பூர்ல 2023 ஜூலைல சரிதேவி ஜமானியைத் தூக்குல போட்டாங்க, ஏறக்குறைய 20 வருஷத்துக்கு அப்புறம் அங்க ஒரு பெண். 30.72 கிராம் ஹெராயின். 15 கிராமைத் தாண்டினா தூக்குன்னு சட்டமே சொல்லுது. சிங்கப்பூர் மாதிரிச் சட்டங்கள்ல உன்கிட்ட இருந்தது உனக்குத் தெரிஞ்சுதான் இருந்ததுன்னு கோர்ட் முதல்லயே எடுத்துக்கும். தெரியாதுன்னு நீதான் நிரூபிக்கணும். மொழி தெரியாத ஊர்ல, பெட்டியைக் கொடுத்தவன் காணாமப் போன பிறகு, எதை வச்சு?


கறார்பேர்வழி:

அதுல ஆணும் மாட்டறான். இருந்தாலும் கடல்தாண்டி சொன்னது எனக்குச் சரியாப் படுது. கட்டாயத் தூக்கு எங்கேயும் கூடாது.

வசந்தி மேடம், ஒரு கேள்வி. ராஜீவ் காந்தி கொலை வழக்குல நளினிக்குத் தண்டனை குறைஞ்சது "தாய்"ங்கிறதாலதானே? 1999ல மூணு நீதிபதிகள்ல கே.டி. தாமஸ் மட்டும் அவளுக்கு ஆயுள் போதும்னார். சின்னப் பெண் குழந்தை இருக்கு, அப்பனுக்கும் தூக்கு, குழந்தை அநாதையாகும்னு. 2000ல கவர்னர் குறைச்சாங்க. உங்க கணக்குப்படி இதுவும் அளவுச் சட்டைதானே? அதை வேண்டாம்னு சொல்வீங்களா?


வாய்தா_வசந்தி:

மாட்டேன். என் கட்சிக்காரிக்கு எந்த வாசலில் கருணை கிடைத்தாலும் கை நீட்டி வாங்குவேன். தாய் என்று சொல்லித்தான் வாதாடுவேன், வெட்கமில்லாமல். அந்தச் சட்டையை நான் தைக்கவில்லை, இருக்கிறதைப் போட்டுவிடுகிறேன். ஆனால் குழந்தை இல்லாதவளுக்கு நான் என்ன சொல்வது? பிள்ளையையே கொன்றவளுக்கு?

கர்ப்பிணி விஷயத்திலும் இதே கூத்து. ஐ.நா.வின் 1966 உடன்படிக்கை கர்ப்பிணிக்குத் தண்டனையை நிறைவேற்றாதே என்கிறது. பிரிட்டனில் 1931இல்தான் கர்ப்பிணிக்கு மரண தண்டனையே விதிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கு முன் பிள்ளை பெறும் வரை ஒத்திவைப்பு, அதுவும் உண்மையில் கர்ப்பமா என்று பார்க்க கோர்ட்டில் இருக்கிற பெண்களையே ஜூரியாக்கி உள்ளே அனுப்புவார்கள். இந்தியாவில் 2008 திருத்தம் வரை, தள்ளிவை அல்லது முடிந்தால் குறை என்றுதான் இருந்தது. அந்தத் திருத்தம்தான் ஆயுளாகக் குறைத்தே ஆகணும் என்றது. யாரைக் காப்பாற்றினார்கள்? வயிற்றில் இருப்பதை. ஷப்னத்துக்குச் சிறையில்தான் மகன் பிறந்தான். தண்டனை வந்தது 2010இல், பிள்ளை பிறந்த பிறகு. தேதி முன்னே பின்னே விழுந்திருந்தால் சட்டமே வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொலைக் குற்றத்தின் தீவிரத்தைக் குறைக்கிற "திடீரென்று ஆத்திரமூட்டல்" என்ற விதிவிலக்கு யாருக்காக எழுதினது? சண்டை வந்ததும் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறவனுக்கு. பத்து வருஷம் அடி வாங்கி, அவன் தூங்கின பிறகு எழுந்து வருகிறவளுக்கு அது பொருந்தாது. அவள் காத்திருந்தாள், அதனால் திட்டமிட்ட கொலை. பலசாலி காத்திருக்க வேண்டியதில்லை சார். சீனாவில் லீ யான் புருஷன் சித்திரவதை தாங்காமல் 2010இல் கொன்றாள். மரண தண்டனை கொடுத்து, 2014இல் அங்கத்திய உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, 2015இல் நிறுத்திவைத்த மரண தண்டனையாக மாற்றினார்கள்.

நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் 1989லேயே இதைப் புரிந்துகொண்டது. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கு. திடீர் ஆத்திரம் வேறு, நீடித்த ஆத்திரமூட்டல் வேறு. பல நாள் நடந்ததெல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு அற்ப விஷயத்தில் முறியலாம் என்று சொன்னார்கள். வக்கீல்கள் மத்தியில் இதற்கு நல்லதங்காள் பேரையே வைத்துப் பேசுவதுண்டு. மூளியலங்காரி செய்ததைக் கணக்கில் எடுக்காமல் கிணற்றை மட்டும் பார்த்தால் நல்லதங்காளும் ஏழு கொலை செய்தவள்தான்.


ஏடுதூக்கி:

கூட்டாளி விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியாவில் டெரேசா லூயிஸ், ஆள் வைத்துக் கணவரைக் கொன்ற வழக்கு, 2010இல் தண்டனையை நிறைவேற்றினார்கள். துப்பாக்கியால் சுட்ட இரண்டு ஆண்களுக்கு ஆயுள். அவள் "மூளை"யாம். அந்த மூளையின் ஐ.க்யூ., அதாவது அறிவுத்திறன் அளவு, வெறும் 72. ஜார்ஜியாவில் கெல்லி கிசண்டானர், 2015. கணவரைக் குத்திய காதலன் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லி ஆயுளோடு தப்பித்தான். முதலில் வாய் திறந்தவனுக்கு உயிர்.


கறார்பேர்வழி:

ஏவினவனுக்குத்தான் அதிக தண்டனைன்னு நான் இன்னும் நினைக்கிறேன், ஆணோ பெண்ணோ. ஆனா ஐ.க்யூ. 72 எனக்குத் தெரியாது.


முன்னாள்_வார்டர்:

தம்பி, ஏதாவது நல்லதா இருந்தா யாராவது சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.


வேம்பு_நிழல்:

இருக்கும்மா. உகாண்டாவில் சூசன் கிகூலா. 2002இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். உள்ளே இருந்தே லண்டன் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாகச் சட்டம் படித்தாள். அவளும் இன்னும் 417 பேரும் போட்ட வழக்கில், கட்டாய மரண தண்டனை செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவள் தண்டனை 20 வருஷமாகக் குறைந்தது. 2016 ஜனவரியில் வெளியே வந்தாள். அந்த 417 பேரில் பெரும்பாலும் ஆண்கள்.


கறார்பேர்வழி:

அந்தக் கடைசி வரி எனக்குத்தான்னு தெரியுது.

வசந்தி மேடம், 2015 தீர்ப்பில அந்த மகள் பத்தி இருக்குன்னீங்களே, உட்கார்ந்து முழுசாப் படிச்சிட்டு வரேன். ஆனா ஷப்னம் விஷயத்துல என் கருத்து மாறும்னு எதிர்பார்க்காதீங்க.


வாய்தா_வசந்தி:

படிச்சிட்டு வாங்க சார். மாறாட்டியும் வாங்க.